டாக்டரம்மா கேதத்துக்கு நான் வராத காரணம்

என் கைபேசிக்கு வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. "இன்று மாலை நான்கு மணிக்கு வெடிச் சோதனை" என்று இருக்கும். எங்கள் குரங்குக் காப்பகத்துக்குப் பின்னால் உள்ள பட்டாசுக் கம்பெனியிலிருந்து வருபவை. படித்ததும் நான் போய்க் கூண்டுகளின் ஓரத்தில் சாக்குப் படுதாவை இறக்குவேன், ரேடியோவைப் போடுவேன், குரங்குகளின் கைக்கு ஏதாவது வேலை கொடுப்பேன். வாசிக்கத் தெரிந்த இந்த ஒன்றரை வருஷத்தில் எனக்கு வந்த செய்திகள் அவ்வளவுதான். அன்று காலை கைபேசி ஒலித்தபோதும் அதுதான் என்று நினைத்து, படுதாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டே படித்தேன்.

"டாக்டரம்மா இன்று அதிகாலை மதுரை ஆஸ்பத்திரியில் காலமானார். மாலை நான்கு மணிக்குச் சாத்தூர் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள்."

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் நான். தப்பாகப் படித்திருப்பேன் என்று மறுபடி படித்தேன். பிறகு சமையல் கொட்டகைக்குப் போய், குரங்குகளுக்குக் கம்பு புடைத்துக்கொண்டிருந்த வேலம்மாளிடம் நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு, பாரு" என்றேன். அவள் வேறு ஏதாவது சொல்வாள் என்று ஒரு ஆசை. அவள் படித்துவிட்டுச் சுளகைக் கீழே வைத்தாள். "நீங்க படிச்சதுதான் அண்ணாச்சி" என்றாள். நான் வாசித்தது சரி என்று அவள் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அன்று நான் சாத்தூருக்கு வரவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக் கேதத்துக்குக்கூடப் போய், தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிற ஊர்க்காரர்கள் நாம். அப்படியிருக்க நான் வராததை நீங்கள் எல்லோரும் கவனித்திருக்கிறீர்கள். பதினாறாம் நாள் அன்று டாக்டரம்மாவின் அக்கா என்னிடம் கேட்டே விட்டார். "அம்புட்டு ஒட்டா இருந்தீகளே, கடைசியா மொகம் பாக்க வரலையே" என்றார். எனக்கு அப்போது வாயால் சொல்ல வரவில்லை. இந்த நினைவு மலருக்கு ஏதாவது சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்று காப்பகத்தில் கேட்டபோது, நானே எழுதித் தருகிறேன் என்றேன். மெதுவாகத்தான் வருகிறது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம், நன்றாக இருந்தால் ஒரு பக்கம். துக்கத்தை எழுதும்போதுகூட எழுதுவது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதைத் தப்பாக நினைக்க வேண்டாம். அந்தச் சந்தோஷமும் அவர் கொடுத்ததுதான்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: அச்சங்குளம் பக்கம் ஒரு கம்பெனியில் நாற்பது வருஷம் வெடிக்குத் திரி வைத்தவன் நான். வயதானபின் இந்தக் காப்பகத்துக்குக் காவலுக்கு வந்தேன். வெம்பக்கோட்டை போகிற வழியில், மூடிப்போன ஒரு தீப்பெட்டி ஆலையின் கொட்டகைகளில் இது நடக்கிறது. வீட்டுச் சங்கிலியில் கிடந்தவை, வித்தைக்காரர்களிடமிருந்து மீட்டவை என்று இனிமேல் காட்டில் பிழைக்கத் தெரியாத நாட்டுக்குரங்குகள் இங்கே இருக்கின்றன.

விலங்கு மருத்துவரான டாக்டரம்மா முதலில் வந்தபோது ஒவ்வொன்றும் தனித்தனி இரும்புக் கூண்டில் இருந்தது. இரண்டு வேளையும் கழுவிவிடுவோம். தட்டில் சோறும் பழமும் நேரத்துக்குப் போய்விடும். எங்களுக்கு அதில் பெருமைதான். அவர் வந்து எந்தக் கூண்டையும் தொடவில்லை, மருந்துப் பெட்டியைத் திறக்கவில்லை. சின்னத்தாயி என்ற கிழட்டுப் பெண் குரங்கின் கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். நேராக அல்ல, ஒருக்களித்து, பாதி முதுகைக் காட்டிக்கொண்டு. மதியம் வரைக்கும் ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். வேலம்மாள் என் காதருகே வந்து, "ஏன் அண்ணாச்சி, இந்தம்மா குரங்கப் பாக்க வந்துச்சா, இல்ல குரங்கு பாக்கட்டும்னு வந்துச்சா?" என்றாள்.

சின்னத்தாயி ஒரு தோட்டத்துக் கிணற்று மேட்டில் பல வருஷம் சங்கிலியில் கிடந்தது. கழுத்தைச் சுற்றி முடியே கிடையாது. இடது காது பாதிதான் இருக்கும், காதோரத்தில் ஒரு தழும்பு. அந்தப் பெயரோடுதான் எங்களிடம் வந்தது. அது வேலம்மாளின் மாமியார் பெயர் என்பதால் முதலில் அவளுக்குக் கோபம். ஒரு வாரம் சோறு வைத்தபின், "பேரு சரியாத்தான் வச்சிருக்காக. இதுவும் தட்டத் தூக்கி எறியுது" என்று சமாதானமாகிவிட்டாள்.

மதியம் டாக்டரம்மா எழுந்து என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, காலையிலருந்து இது ஒரே எடத்தச் சுத்திச் சுத்தி வருது. நடுநடுவுல தன் கையத் தானே கடிக்குது. ஏன்னு நெனைக்கீக?" என்றார்.

"பசியா இருக்குமோம்மா?"

"வயிறு நெறஞ்சுதான் இருக்கு. கைக்கு வேலையில்ல."

அந்த ஒரு சொல்லில் எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு சமயம் கம்பெனிகள் எல்லாம் மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்தன. நான் வீட்டில் உட்கார்ந்து, படுத்திருந்த கோரைப்பாயை ஒவ்வொரு கோரையாக உருவிக்கொண்டிருந்தேன். உருவுவது எனக்கே தெரியாது. பாய் பாதியானபின் என் மனைவி பார்த்துவிட்டு அழுதாள். இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டார்.

அதன்பின் நடந்தவை உங்களில் பலருக்குத் தெரியும். கூண்டுகளுக்கு நடுவில் இருந்த தடுப்புகளை எடுத்தோம். கொட்டகையின் உயரம் முழுவதற்கும் கம்பிவலை போட்டோம். "நமக்குத்தான் வீடு தரையில. இதுகளுக்கு வீடு மேல" என்பார். தீக்குச்சி அடுக்கிய பழைய மரச் சட்டங்கள் மூலையில் கிடந்தன. அவற்றைக் கட்டி ஏணியாக்கினோம். சாக்கில் ஊஞ்சல் கட்டினோம். ஒத்துப்போகும் குரங்குகளை மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து ஒன்று சேர்த்தார். பின்னால் இருக்கும் கம்பெனிக்கும் போனார். வெடிச் சோதனைக்கு முன்னால் எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். அங்கிருந்த மேனேஜர், "குரங்குக்கு நோட்டீஸ் குடுக்கணுமாம்மா?" என்று சிரித்தாராம். "பக்கத்து வீட்டுல கைப்புள்ள இருந்தா ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான வெடி போடுவீக?" என்று டாக்டரம்மா கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாராம். அந்த மேனேஜர் இன்று வரைக்கும் ஒரு சோதனைகூடச் சொல்லாமல் நடத்தியதில்லை.

தீனியைத் தட்டில் வைக்கக் கூடாது, தேடி எடுக்கிற மாதிரி ஒளித்து வைக்க வேண்டும் என்றார். அதற்கு வழி சொன்னவன் நான். இங்கே பாதி வீடுகளில் பெண்கள் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறார்கள். வெடிமருந்து படாத, கோணலாகிக் கழித்துப் போட்ட குழாய்களை வீடு வீடாக வாங்கி வந்தேன். கம்பும் கடலையும் போட்டு இரண்டு முனையையும் மடித்துக் கொடுத்தேன். குரங்குகள் அதை உருட்டி, கடித்து, கிழித்து, உதறி, ஒரு காலைப் பொழுதையே கழித்தன. டாக்டரம்மா சேவுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்திருந்தார். சாத்தூர்க்காரர் அல்லவா, சேவு இல்லாமல் வர மாட்டார். ஆனால் தின்னும்போது மட்டும் குரங்குகளுக்கு முதுகைக் காட்டி நன்றாகத் திரும்பிக்கொள்வார். "பாக்க வச்சுத் திங்கப்படாது" என்பார்.

இப்போது நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். சின்னத்தாயி மற்றவற்றைப் போலக் குழாயை எடுக்கவில்லை. தயங்கியது. அதற்கென்று அழகாக ஒன்று செய்து தரலாம் என்று உட்கார்ந்தேன். சிவப்பு மினுமினுப்புக் காகிதம் சுற்றினேன். முனையை அழுத்தமாக மூடினேன். ஒரு வெடியை முடித்துக் கீழே வைப்பது போல, என்னை அறியாமலே என் கை அதற்கு ஒரு நூல் திரியும் வைத்துவிட்டது. நாற்பது வருஷப் பழக்கம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வலை அருகே போனேன்.

சின்னத்தாயி போட்ட சத்தத்தை நான் எழுத முடியாது. இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. மேல் மூலைக்கு ஏறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் இறங்கவில்லை. அந்தக் காதும் காதோரத்துத் தழும்பும் எப்படி வந்தவை என்று அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. யாரோ வெடியைக் கொளுத்தி அதன் மேல் எறிந்திருக்கிறார்கள். என் கையிலிருந்து போன வெடிகளில் ஒன்றாகக்கூட அது இருக்கலாம் என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டரம்மா வந்து அந்தக் குழாயைக் கேட்டு வாங்கி, திரியைப் பார்த்தார். வேலையை விட்டு நின்றுவிடுகிறேன் என்றேன். "நாப்பது வருசம் செஞ்சத கை செஞ்சிருச்சு. கையக் கோவிச்சு என்ன செய்ய?" என்றார். மன்னித்துவிடுங்கள் என்றேன். "எங்கிட்ட எதுக்குக் கேக்கீக? அதுகிட்டக் கேளுங்க. நாளாகும்" என்றார்.

கேட்கும் முறையையும் அவரே காட்டினார். தினமும் ஒரே நேரத்தில் போக வேண்டும். சின்னத்தாயி நகராமல் இருக்கிற தூரத்தில் ஒருக்களித்து உட்கார வேண்டும். இரண்டு உள்ளங்கையும் வெறுமையாகத் தெரிய முழங்காலில் வைத்திருக்க வேண்டும். அது முகம் சுளித்தால் எழுந்து வந்துவிட வேண்டும். "வேணாம்னு சொல்ல ஒரு வழி அதுக்கு இருக்கணும் அண்ணாச்சி. சங்கிலியில அது இல்லாமத்தான் போச்சு." தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தார். இன்று எந்தக் கோடு, அது என்ன செய்தது என்று தினமும் நோட்டில் எழுத வேண்டும்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல வேலம்மாள் எழுதினாள். அண்ணாச்சி உட்கார்ந்தார், குரங்கும் உட்கார்ந்தது என்று மட்டும் இருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது வேலம்மா பாத்தது. நீங்க பாத்தத யாரு எழுத?" என்று கேட்டு, மறுநாள் ஒரு சிலேட்டோடு வந்தார். எழுபது வயதுக்கு மேல் அ, ஆ எழுதினேன். குரங்குகள் பார்த்துக்கொண்டிருக்க எழுதினேன். வேலம்மாள், "பெரிய பரீட்ச எப்ப அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே குறுக்கே போவாள். ஒரு நாள், நான் மூன்றாம் கோட்டுக்கு வந்தும் சின்னத்தாயி மேலே ஏறவில்லை, காதைச் சொறிந்தது, என்னை ஒரு தடவை பார்த்தது என்று நானே எழுதினேன். எழுதியதை மறுநாள் போய்ப் படித்தால், அது அப்படியே அங்கே இருந்தது. நான் பார்த்தது ஒன்று எனக்குப் பிறகும் இருக்கும் என்பது அதற்கு முன் எனக்குத் தெரியாது.

போன வருஷம் டாக்டரம்மாவுக்கு நோய் என்று தெரிந்தது. மதுரைக்குப் போய் வருவார். தலையில் துணி கட்டிக்கொண்டு, சட்டென்று மெலிந்துபோய் வந்தார். அதே சமயம் சின்னத்தாயிக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்துக் கன்னம் வீங்கியது. மாத்திரையில் அடங்கும், மறுபடி வீங்கும். பல்லை எடுக்க வேண்டும், அதற்கு மயக்க ஊசி போட வேண்டும். வலையை வீசிப் பிடித்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குரங்கை வலையில் பிடித்ததை அன்று எங்களுக்குச் சொன்னார். அது பயத்திலேயே அவர் கையில் செத்துப்போனதாம். "நான் கொன்னேன்னு யாரும் சொல்லல. மயக்க மருந்து ஒத்துக்கலன்னு எழுதிட்டாக. எனக்குத் தெரியும்" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

அதனால் கூண்டின் பக்கத்தில் ஒரு கம்பிப் பெட்டியை இணைத்தோம். பக்கவாட்டில் ஓடும் கதவு. கப்பியில் போட்ட கயிற்றை இழுத்தால் சாத்திக்கொள்ளும். சின்னத்தாயி தானாகப் பெட்டிக்குள் வந்து, கதவு சாத்தினாலும் அமைதியாக உட்கார்ந்து, ஊசிக்குத் தொடையைக் கம்பியோரம் காட்டப் பழக வேண்டும். உள்ளே ஒரு கை வைத்தால் "சரி" என்று மெதுவாகச் சொல்லி ஒரு துண்டுப் பேரீச்சம்பழம். அதற்கு மேல் எதுவும் கிடையாது. டாக்டரம்மாவிடம் அது பாதிப் பெட்டி வரைக்கும் வந்தது. அப்போது அவர் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியதாயிற்று. போகும் முன்னால் கயிற்றை என் கையில் கொடுத்தார். அது பயப்படுவது என்னைக் கண்டுதானே, வேலம்மாளிடம் கொடுங்கள் என்றேன்.

"அதுக்குப் பயம் போயிருச்சா இல்லையான்னு அதுதான சொல்லணும்" என்றார். "அது முழுசா உள்ள வர்ற முதல் நாள் கதவ இழுத்துறாதீக. அது ஒண்ணு மட்டும் போதும்."

அந்த நாள் வந்தது. கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. சின்னத்தாயி வாசலில் வெகுநேரம் நின்றது, என் கையைப் பார்த்தது, பிறகு நான்கு காலையும் உள்ளே வைத்து வந்து உட்கார்ந்துவிட்டது. வேலம்மாள் எனக்குப் பின்னால் நின்று, "இழுங்க அண்ணாச்சி. இழுத்துருங்க. பாவம், அதோட வலி தீரட்டும்" என்றாள். இழுத்திருந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிட்டிருக்கலாம். கயிற்றைத் தளர விட்டேன். "சரி" என்றேன். பழத்தைக் கொடுத்தேன். அது தின்றுவிட்டுத் திறந்த கதவு வழியாக வெளியே போனது. வேலம்மாள் அன்று என்னோடு பேசவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "கதவ இழுத்தீகளா?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"அப்ப நாளைக்கும் வரும்" என்றார்.

அது வந்தது. கதவை ஒரு விரற்கடை இழுத்தேன், பிறகு ஒரு சாண், பிறகு முழுவதும். உடனே திறந்தேன். பத்து எண்ணித் திறந்தேன். தினமும் போனில் சொன்னேன். "சாத்துனா தொறக்கும்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார் ஒரு நாள். நான் கேட்ட அவருடைய கடைசிப் பேச்சு அது. அதன்பின் போனை அவர் அக்காதான் எடுத்தார்.

பல் எடுக்கக் குறித்த நாள்தான் அந்தச் செய்தி வந்த நாள். மயக்கம் கொடுப்பதற்காக முந்தின நாள் இரவிலிருந்து சின்னத்தாயிக்குத் தீனி நிறுத்தியிருந்தோம். விருதுநகரிலிருந்து மருத்துவர் புறப்பட்டுவிட்டார். அவரும் டாக்டரம்மாவைத் தெரிந்தவர். வழியிலிருந்து எனக்குப் போன் போட்டு, "என்ன செய்யலாம் பெரியவரே? எனக்கு இனி அடுத்த வாரந்தான் வர முடியும்" என்றார். வேலம்மாள் துண்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்துவிட்டாள். "கெளம்புங்க அண்ணாச்சி. நீங்க போகலன்னா ஊரு என்ன பேசும்?" என்றாள்.

நான் கூண்டைப் பார்த்தேன். வீக்கம் கண்ணுக்கு ஏறியிருந்தது. நான் அங்கே இல்லாவிட்டால் அது பெட்டிக்குள் வராது. வராவிட்டால் வலைதான். அப்புறம் டாக்டரம்மா சொன்ன இன்னொன்றும் இருந்தது. "மயக்கம் தெளிஞ்சு கண்ணு முழிக்கிறப்ப தெரிஞ்ச மொகம் ஒண்ணு எதுக்க இருக்கணும்." ஆஸ்பத்திரியில் அவரே கண் விழித்தபோதெல்லாம் எந்த முகம் எதிரே இருந்தது என்று எனக்குத் தெரியாது. அக்காவின் முகமாக இருந்திருக்கும். இருந்திருக்க வேண்டும்.

மருத்துவரை வரச் சொன்னேன். துண்டைக் கொடியில் போட்டேன். ஒருக்களித்து உட்கார்ந்தேன். சின்னத்தாயி வந்தது. கதவைச் சாத்தினேன். தொடையைக் கம்பியோரம் வைத்தது. ஊசி இறங்கியது. அது என்னையே பார்த்துக்கொண்டு கண்ணை மூடியது. வேலம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று நான் கேட்கவில்லை.

பல்லை எடுத்து முடிக்கப் பிற்பகல் மூன்று மணியாகிவிட்டது. மாலை நான்கு மணிக்கு நீங்கள் சாத்தூரில் அவரைத் தூக்கினீர்கள். அந்த நேரத்தில் நான் ஒரு பழைய சாக்கின் மேல் உட்கார்ந்து ஒரு கிழட்டுக் குரங்கு கண் விழிக்கக் காத்திருந்தேன். இருட்டுகிற நேரத்தில் அது விழித்தது. என் முகத்தைப் பார்த்தது. அலறவில்லை. கையை மெதுவாக நீட்டி, கம்பி வழியாக என் விரலைத் தொட்டு, முகர்ந்து பார்த்தது. திரி வைத்த விரல். அப்புறம் மறுபடி தூங்கிவிட்டது.

அக்கா அவர்களே, நான் வராத காரணம் இதுதான். மறுநாள் வந்தேன், வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். டாக்டரம்மாவின் முகத்தை நான் கடைசியாகப் பார்த்தது அவர் கயிற்றைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிய அன்றுதான். எனக்கு அது போதும்.

அவருடைய நோட்டுகளைக் காப்பகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறோம். சிலேட்டு என் வீட்டில் இருக்கிறது. ஆனால் நான் வைத்துக்கொண்டது எது என்று கேட்டால், பிடித்த கயிற்றை இழுக்காமல் இருக்கப் பழகிய இந்தக் கையைத்தான் சொல்வேன். இது முதலில் இப்படி இல்லை.

இன்று நோட்டில் எழுதியதையே இங்கும் எழுதி முடிக்கிறேன். காலை ஏழு மணி. சின்னத்தாயி பெட்டிக்குள் வந்தது. கூப்பிடவில்லை. கதவு திறந்திருந்தது. வேலை ஒன்றும் இல்லாததால் சற்று நேரம் என் அருகில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனது.